இடது இடுப்பில் ஒரு பூட்டு

பிரெபெனின் கை பின்னாலிருந்து வந்து இடுப்பிலிருந்த துப்பாக்கி உறைமேல் விழுந்தது. ஒரே இழுவை. நிலக்சி திரும்புவதற்குள் அவளுடைய பிஸ்டல் அவன் கையில் இருந்தது. குண்டு போட முடியாத, சிவப்புப் பிளாஸ்டிக்கில் செய்த பயிற்சித் துப்பாக்கிதான். ஆனாலும் அதன் வாய் அவளுடைய நெற்றியை நேராகப் பார்த்தது.

"மறுபடியும் செத்துப் போனாய்," என்றான் பிரெபென், கோப்பி வேண்டுமா என்று கேட்கிற குரலில். டெனிஷ் பொலிஸ் பயிற்சியில் துப்பாக்கிப் பாடம் அவனுடையது. கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, நரைத்த தாடி, எதற்கும் உயராத குரல்.

"செத்தது நான் இல்லை. என் வலது கை," என்றாள் நிலக்சி. டெனிஷில் மேலதிகாரிக்கும் நீ, நாய்க்குட்டிக்கும் நீ. அந்த மொழியில் அவளுக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான். "உன்னிடம் போன கிழமையே சொன்னேன், பிரெபென். நான் இடது கைக்காரி."

"முதல் நாள் நான் கேட்டேனே, எந்தக் கையால் எழுதுவாய் என்று."

"வலது என்றேன். உண்மைதான்."

"அப்போ?"

அப்போ என்று கேட்டால் எங்கிருந்து தொடங்குவது? ஒரு டெனிஷ் பிள்ளையிடம் அந்த ஒரு கேள்வி போதும். ஞானேஸ்வரிக்கு மகளாய்ப் பிறந்த நிலக்சியிடம் போதாது. கரண்டி இடது கைக்குப் போனால் விரல் முட்டியில் ஒரு தட்டு. பென்சில் போனால் இன்னொன்று. கோயிலில் விபூதி வாங்க இடது கையை நீட்டிய அன்று வீடு வரும்வரை அர்ச்சனை. ஆகவே சாப்பிடுவது, எழுதுவது, கொடுப்பது, வாங்குவது எல்லாம் வலது கை பழகிக்கொண்டது. அம்மாவின் கண் படாத வேலைகள் மட்டும் இடது கையிடமே தங்கிவிட்டன: சுத்தியல் பிடிப்பது, பூட்டில் திறப்புப் போடுவது, பந்து எறிவது. ஹான்ட்போல் கோச் இடக்கைக்காரி ஒருத்தி அகப்பட்டாளே என்று அவளை வலது மூலையில் நிறுத்தி, போட்டி போட்டியாகக் கோல் அடிக்க வைத்தான்.

போன கிழமை சுடுதிடலில் வலது மணிக்கட்டு வலிக்கிறதென்று சும்மா கையை மாற்றிப் பார்த்தாள். இலக்குத் தாளில் துளைகள் எல்லாம் ஒரு கைப்பிடிக்குள் கூடி நின்றன. அதுவரை அவளுடைய துளைகள் தாளின் ஓரங்களில்தான் உலாவிக்கொண்டிருந்தன.

"வெள்ளிக்கிழமை பரீட்சை," என்றான் பிரெபென். "இப்போது கை மாற்றுவது பைத்தியக்காரத்தனம்."

"வலது கையால் சுட்டால் தவறுவேன். தவறினால் பயிற்சியை விட்டு அனுப்பிவிடுவீர்கள். அது மட்டும் பைத்தியக்காரத்தனம் இல்லையா?"

"அப்படியென்றால் இருக்கிற உறையையே இடது பக்கம் கொழுவிக்கொள்."

"பிஸ்டலின் பிடி முன்னுக்குப் பார்த்துக்கொண்டு நிற்கும். எதிரே வருகிறவன் கைகுலுக்குகிற மாதிரி உருவிக்கொண்டு போவான்."

பிரெபென் தாடியைச் சொறிந்தான். "சரி. மத்தியானம்வரை நேரம் தருகிறேன். பண்டகசாலையில் உனக்குப் பிடித்த இடது கை உறையை எடு. நான் பின்னால் வந்து பிடுங்குவேன். பிஸ்டல் என் கைக்கு வந்தால், வெள்ளிக்கிழமை வலது கை. அதற்குப் பிறகு இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"வராவிட்டால்?"

"வரும்," என்று சிரித்துவிட்டுப் போனான்.

பண்டகசாலையில் மாக்கிரட் கம்பிவலைக்குப் பின்னால் சப்பாத்துகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மன்னார்க்காரி. ஓல்போர்க் நகரத் தமிழருக்குள் நடப்பதெல்லாம் அவளைத் தாண்டித்தான் போகும்.

"என்ன பிள்ளை, முகம் உப்பிடிக் கிடக்கு?"

"அன்ரி, இடக்கைக்காரருக்கு என்னென்ன உறை இருக்கு? எல்லாத்தையும் எடுங்கோ."

"எல்லாத்தையுமோ? இதென்ன சாறிக் கடையே, விரிச்சுப் பாத்திட்டுப் போக?" என்றபடியே ஏணியில் ஏறினாள். "பேசாமல் அந்த மனுசன் சொல்லுறபடி செய்யன். பரீட்சை முடியட்டும், பிறகு எந்தக் கையாலையும் சுடு."

"ஏலாது அன்ரி."

"உனக்கு உந்தப் பிடிவாதம் எங்கையிருந்து வந்தது?"

"அம்மாட்டையிருந்து. வேறை ஆரிட்டையிருந்து வரும்?"

மாக்கிரட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முதலில் இறங்கியது தோல் உறை. மேலே ஒரு பட்டி, அழுத்துப் பொத்தான். நிலக்சி அதை இடுப்பில் மாட்டி, சிவப்புப் பிஸ்டலைச் செருகி, இரண்டு விரலால் பின்னாலிருந்து இழுத்தாள். பட்டி பிரிந்து பிஸ்டல் கையோடு வந்தது. அதைக் கழற்றி மேசையில் போட்டாள்.

அடுத்தது புத்தம் புதியது, மினுமினுத்தது. உள்ளே ஒரு பூட்டு. வெளிப்பக்கத்துப் பொத்தானைச் சுட்டுவிரலால் அழுத்தினால் திறக்கும். இழுத்தாள், அசையவில்லை. அழுத்தி உருவினாள், வெண்ணெய் மாதிரி வந்தது.

"இதை எடு. வடிவாயும் கிடக்கு," என்றாள் மாக்கிரட்.

நிலக்சி திரும்பத் திரும்ப உருவினாள். மெதுவாக உருவியபோது எல்லாம் சரி. வேகம் கூடக் கூட அந்தக் கள்ள விரல் பொத்தானை அழுத்திய அழுத்தோடேயே வழுக்கி விசைக்குள் போய் விழுந்தது. பிஸ்டலின் வாயோ இன்னும் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதோடை றோட்டிலை இறங்கினால் கள்ளனுக்கு வேலை இல்லை அன்ரி. என்ரை காலை நானே சுடுவன்."

கடைசிப் பெட்டியில் தூசு. உள்ளே இருந்த உறை முரட்டுக் கறுப்பாக, ஒரு தேநீர்க் கேத்தலைப்போலப் பருத்து நின்றது. பிஸ்டலின் பின்புறத்தை ஒரு மூடி கவிந்து பிடித்தது. அதைத் திறக்கும் தாழ் உடம்புப் பக்கம், பெருவிரலுக்கென்று. நிலக்சி பிடியைப் பற்றினாள். சுத்தியலைப் பற்றுவதுபோலத்தான், பெருவிரல் தானாகத் தாழின்மேல் விழுந்தது. சுட்டுவிரல் உறையோடு நீட்டிக் கிடந்தது, செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாமல். பின்னால் நிற்கிறவன் என்ன பாடுபட்டாலும் அவளுடைய இடுப்புக்கும் பிஸ்டலுக்கும் நடுவில் பெருவிரலை நுழைக்க முடியாது.

"அப்பாடா. எடுத்தாச்சு, போ," என்றாள் மாக்கிரட்.

"இன்னும் இல்லை. காருக்குள்ளை இருந்து பாக்கவேணும்."

"காருக்குள்ளையோ? மழை பெய்யுதடி."

மாரிகால ஜக்கெற்றையும் போட்டுக்கொண்டு நிலக்சி முற்றத்துக்கு நடந்தாள். இந்த நாட்டில் ஓட்டுநர் இருப்பது காரின் இடப்பக்கம். புதிய ஆட்களுக்கு ரோந்துக் காரில் எப்போதும் ஓட்டுநருக்கு வலப்பக்கத்து ஆசனம். அங்கே சீட் பெல்ட் கொழுவுகிற இடம் சரியாக இடது இடுப்பில். வலது கைக்காரர் யாரும் இதை யோசித்திருக்க மாட்டார்கள். பெல்ட்டைக் கொழுவினாள், கழற்றினாள், எழும்பினாள். 'டக்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால், பெல்ட்டின் கொழுவி இடித்து மூடி திறந்து கிடந்தது.

ஒரு கெட்ட வார்த்தையை டெனிஷில் சொல்லிவிட்டு, உறையோடு வந்த பெட்டியில் கிடந்த தகட்டையும் திருகாணிகளையும் எடுத்தாள். உறையைக் கீழே இறக்கி மாட்டுவதற்கான தகடு. மடியில் வைத்துத் திருகிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அம்மா.

"மாக்கிரட் மெசேச் போட்டவ. இடக்கையாலை சுடப்போறியாம்."

"அதுக்கிடையிலையோ?"

"சுடுறதெண்டாலும் சோத்துக்கையாலை சுடன் பிள்ளை. கோயில்லை சனம் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?"

"அம்மா, ஒருத்தன் கத்தியோடை எனக்கு முன்னாலை நிக்கேக்கை, உந்தச் சனம் வந்து என்ரை சோத்துக்கையைப் பிடிச்சு விடுமோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ."



"வாய்க்கு மட்டும் இடமும் இல்லை, வலமும் இல்லை," என்று சொல்லிவிட்டு ஞானேஸ்வரி போனை வைத்தாள்.

கடைசித் திருகாணி இறுகியது. நிலக்சி உறையை மாட்டி, பிஸ்டலைச் செருகினாள். பெல்ட்டைக் கொழுவினாள், கழற்றினாள். இந்தத் தடவை சத்தம் இல்லை. கதவைத் திறந்து மழைக்குள் காலை வைத்து நிமிர்ந்தாள்.

அந்த நிமிர்வின் நடுவில்தான் இழுவை வந்தது.

பிரெபென் மத்தியானம்வரை காத்திருக்கவில்லை. காரின் பின்புறம் பதுங்கி நின்றிருக்கிறான். இடது இடுப்பு தீப்பிடித்ததுபோல் மேலே போனது. அவன் இழுத்த இழுப்பில் அவளுடைய குதிகால்கள் நிலத்தை விட்டன. மேலே இழுத்தான், பின்னுக்கு இழுத்தான், முறுக்கினான். மூடி அசையவில்லை. இடுப்புப் பெல்ட் வயிற்றை வெட்டியது, மூச்சு நின்றது. ஆனால் பிஸ்டல் உறைக்குள்ளேயே இருந்தது.

நிலக்சி முழங்காலை மடித்துப் பாரத்தைக் கீழே போட்டாள். இடது உள்ளங்கையால் அவன் கையை உறையோடு அறைந்து பிடித்துக்கொண்டு, உடம்பைச் சுழற்றி, வலது முழங்கையை விலாவில் இறக்கினாள். சும்மா இருந்த வலது கைக்கும் ஒரு வேலை வேண்டுமே. அவனுடைய பிடி தளர்ந்தது. அவளுடைய பெருவிரல் தாழைக் கண்டது. மறு கணம் சிவப்புப் பிஸ்டல் அவன் நெஞ்சைப் பார்த்தது.

பயிற்சிக் கூடத்தின் ஜன்னல்களில் வகுப்பு முழுவதும் முகம் ஒட்டி நின்றது.

"மத்தியானம் என்றாய்," என்றாள், மூச்சு வாங்க.

"தெருவில் எவனும் மணி பார்த்து வருவதில்லை." பிரெபென் விலாவைத் தடவினான். விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை இடது கை."

"அதை நான்தான் சொல்ல வேண்டும்."

"சொல்லு. கேட்டுக்கொண்டு நிற்கிறேன்." அவள் பிஸ்டலைத் தாழ்த்தவில்லை.

மழை தாடியிலிருந்து சொட்டியது. அவன் அந்த உறையைப் பார்த்தான், இறக்கி மாட்டிய தகட்டைப் பார்த்தான், திறந்து கிடந்த காரையும் பெல்ட்டையும் பார்த்தான். பார்த்து முடிய நேரம் எடுத்தது.

"இடது கை," என்றான் ஒருவழியாக. "தவறினால் இன்னொரு வாய்ப்புக் கேட்டு என்னிடம் வராதே."

"வரமாட்டேன். நாளைக்குச் சுடுதிடலில் எனக்கு இடம் வேண்டும். காலை முதல் மாலைவரை."

"வேறு ஏதும் கட்டளை?"

நிலக்சி பிஸ்டலை உறையில் இறக்கினாள். மூடி கவிந்தது.

"வகுப்பில் உன்னைவிடப் பெரிய உடம்பு மட்ஸ்தான். அடுத்து பிடுங்க அவனை அனுப்பு. இந்தத் தடவை எப்போது என்று சொல்ல வேண்டாம்."

சொல்லிவிட்டு மழைக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாள்.