கன்னத்தில் மூக்கு

பழங்காசு சேர்ப்பதில் அக்காவுக்குத் தலை நரைத்திருந்தது. தங்கை போன வருஷம்தான் ஆரம்பித்தாள். "புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதை" என்று தன் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் அக்கா. பழங்காசுக் கண்காட்சி நெருங்கும்போது அந்தப் பூனை ஒரு வெள்ளிக்காசோடு வந்து நின்றது.

"நான் ஏமாந்துட்டேனா பாருக்கா. ராஜா கன்னத்துல என்னமோ துருத்திக்கிட்டிருக்கு."

அக்கா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். துருத்தியது ஒரு மூக்கு. வேறொரு ராஜாவின் மூக்கு. நாட்டைப் பிடித்தவன், தோற்றவனின் காசை உருக்கக்கூடப் பொறுமையில்லாமல், அவன் முகத்தின் மேலேயே தன் முகத்தை அடித்திருக்கிறான். இப்படி ஒன்றுக்காக அக்கா ஏலம் ஏலமாகக் காத்துக் கிடந்தவள். நேற்று முளைத்த காளானுக்கு அது கைமேல் கிடைத்திருக்கிறது.

"அச்சு பிசகினதுடி."

"அவ்வளவுதானா?" தங்கை முகம் தொங்கிப்போனது.

"விடு. இதை நான் வச்சுக்கறேன். என் சிங்கக்காசை நீ எடுத்துக்கோ."

"அந்தத் தங்கத்தையா? அத்தான் ஒண்ணும் சொல்லமாட்டாரா?"

"அவருக்குக் காசும் ஒண்ணு, சட்டைப் பித்தானும் ஒண்ணு."

கொஞ்ச காலம் போகட்டும், இவள் மறந்தபிறகு வெளியே எடுக்கலாம் என்பது அக்காவின் எண்ணம்.

கண்காட்சியில் நடுக் கண்ணாடிப்பெட்டி வருஷா வருஷம் அக்காவுடையது. இந்தத் தடவை காசு சேர்ப்போர் சங்கச் செயலாளர் சிங்கக்காசை அதில் வைத்து, தங்கை பெயரை ஒட்டினார்.

"உங்களது எங்கம்மா?" என்று அக்காவைக் கேட்டார்.

தங்கை முந்திக்கொண்டாள். "நல்லதை எனக்குக் குடுத்துட்டாங்க சார். பிசகினதை வச்சுக்கிட்டு நிக்கறாங்க, பாவம்."

அந்தப் பாவத்தைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை. கைப்பையைத் திறந்தாள்.

"யாருடி பாவம்? சார், இந்தக் கன்னத்தைப் பாருங்க. தோத்த ராஜாவோட மூக்கு அது."

செயலாளர் பார்த்தார். சாவியை எடுத்து நடுப்பெட்டியைத் திறந்தார். தங்கையும் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் கண் காசின்மேல் இல்லை.

"இது மூக்குன்னு உனக்கு எப்பக்கா தெரியும்?"

"யார் பேரை ஒட்டறது?" என்றார் செயலாளர்.

"என் பேருதான்," என்றாள் அக்கா. வாய் முந்திவிட்டது.

"ஒட்டுங்க சார். அவங்களதுதான்," என்றாள் தங்கை. சிங்கக்காசை எடுத்து அக்காவின் பைக்குள் போட்டுவிட்டு, செருப்பைத் தேடிப் போனாள்.