ஒரு வெடியை விட்டுவை

ஈனக் பார்ஜிட்டருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. பென்ஸ்டோக் கிராமத்தில் அது அவன் மனைவி ஹெஸ்டருக்கும் அவள் தம்பி ஜேபஸுக்கும் மட்டும்தான் தெரியும். தண்டவாளத்துக்கு ஜல்லி அடிக்கும் கேங்கில் ஈனக்தான் காவல். ரயில் வந்தால் கொம்பை ஊத வேண்டும்; குனிந்து வேலை செய்கிறவர்கள் ஓடி விலகுவார்கள். செவிடனுக்கு அந்த வேலையை யார் கொடுப்பார்கள்? வேலை போனால் கம்பெனி வீடும் போகும். நெஞ்சுச் சளியோடு கிடக்கும் ஹெஸ்டரை இந்தக் குளிரில் எங்கே கொண்டுபோய்ப் படுக்கவைப்பான்?

இத்தனை நாள் கண்ணை வைத்துச் சமாளித்தான். நவம்பர் பனிமூட்டம் இறங்கியதும் கண்ணும் உதவவில்லை.

"பாலத்துக்கிட்ட தண்டவாளம் உக்காந்துபோச்சு. பனியாவது மண்ணாவது, இன்னிக்கே தூக்கி ஜல்லி அடிக்கணும்" என்று கத்தினார் மேஸ்திரி வால்ட் ஸிப்லி. "ஈனக், காதைத் தீட்டி வெச்சுக்கடா. ஜேபஸ், நீ கைகாட்டிக்குப் போ."

பனியில் டிரைவருக்குக் கைகாட்டி தெரியாது. அது 'நில்' என்று நிற்கும்வரை தண்டவாளத்தில் வெடி கட்டியிருக்கும்; சக்கரம் ஏறி அது வெடித்தால் டிரைவர் வண்டியை நிறுத்திவிடுவார். வழி விட்டதும் ஜேபஸ் அதை எடுத்துவிட வேண்டும்.

ஈனக் அவனைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போனான். "மாப்ளே, வழி விட்டாலும் ஒரு வெடிய எடுக்காம விடுடா. அந்தச் சத்தம்தான் எனக்குக் கேக்கும்."

ஜேபஸ் அவன் காதில் வாயை வைத்தான். "கிறுக்கா மாமா உனக்கு? வண்டி நின்னுடும். வேணும்னே விட்டேன்னு தெரிஞ்சா என் சீட்டக் கிழிச்சுடுவாங்க. அஞ்சு புள்ளைங்க எனக்கு."

"அப்ப மேஸ்திரிகிட்ட சொல்லிடட்டுமா?"

ஜேபஸ் அக்காவின் வீட்டுப் பக்கம் பார்த்தான். பிறகு பனிக்குள் நடந்தான்.

ஈனக் அப்போதே மேஸ்திரியிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பாழாய்ப்போன வீடு.

பூட்ஸ் காலைத் தண்டவாளத்தில் வைத்துக்கொண்டு அதிர்வு வருகிறதா என்று நின்றான். பயத்தில் இரண்டு முறை சும்மாவே ஊதினான். வால்ட் வந்து முகத்துக்கு நேரே கத்தினார்: "ஈ பறந்தாக்கூட ஊதுவியா?"

அவர் திரும்பிப் போய்க் குனிந்த கொஞ்ச நேரத்தில், பக்கத்து வீட்டில் யாரோ மூட்டையைக் கீழே போட்டதுபோல ஒரு சத்தம். ஈனக் நெஞ்சு கிழிய ஊதினான். வால்டும் மற்றவர்களும் சரிவில் உருண்டார்கள். சக்கரங்கள் நெருப்புக் கக்க வந்த ரயில், அவர்கள் வேலை செய்த இடத்தைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. வால்டின் மண்வெட்டி அதன் அடியில் இரண்டாகிக் கிடந்தது.

டிரைவர் இறங்கி வந்து போட்ட சத்தம் ஈனக்குக்கே கேட்டது. "வழி விட்டிருக்கு, வெடி ஏன்டா கெடந்துச்சு?"

மூச்சிரைக்க ஓடிவந்த ஜேபஸின் உதடு லேசாக அசைந்தது.

"தூங்கிட்டியா!" என்று பாய்ந்தார் வால்ட். "காவல் நிக்கிற எடத்துல தூங்கினேன்னு கூசாம சொல்றியேடா!"

ஈனக்குக்குப் பொறுக்கவில்லை. கொம்பைக் கழற்றி மேஸ்திரி கையில் வைத்தான். "அவன் தூங்கல. எனக்குக் காது கேக்காது. நான்தான் வெடிய விடச் சொன்னேன். உங்க உசுருக்காகத்தான் விட்டான்." உண்மையைச் சொன்னால் ஜேபஸாவது தப்புவான் என்று நம்பினான் அந்த அப்பாவி.

வால்டின் முகம் வெளுத்தது. டிரைவரைப் பார்த்தார், ரயிலிலிருந்து இறங்கி நின்ற கார்டைப் பார்த்தார். இருவரும் கேட்டுவிட்டார்கள். பிறகு ஈனக்கின் காதருகே குனிந்தார்.

"அடப்பாவி, தூங்கினான்னா நாலு நாள் வீட்ல உக்கார வெச்சிருப்பாங்க. வேணும்னே விட்டதுக்கு மன்னிப்பே கெடையாதேடா."

ஈனக் ஜேபஸைப் பார்த்தான். ஜேபஸ் தலை குனிந்துகொண்டான்.

மத்தியானமே இருவரும் ஊருக்குள் வந்தார்கள். ஜேபஸ் நிற்காமல் தன் வீட்டுக்கு நடந்தான். போர்வையோடு வாசலுக்கு வந்த ஹெஸ்டர் புருஷனின் முகத்தைப் பார்த்தாள், தம்பியின் முதுகைப் பார்த்தாள். இருமலை அடக்கிக்கொண்டு ஈனக்கின் காதில் கேட்டாள்.

"யாருக்கு வேலை போச்சு? உனக்கா, அவனுக்கா?"

"ரெண்டு பேருக்கும்" என்றான் ஈனக். "அவன் தப்பிச்சிருப்பான் ஹெஸ்டர். நான் வாயத் தொறந்துட்டேன்."