இரண்டோடு நின்ற தீர்மானம்

மெல்பேர்ணின் புறநகரான டார்னெய்ட்டில் இருக்கும் மகேந்திரராஜாவின் கால்கள் 1959ஆம் ஆண்டு ஆவணிக்குப் பிறகு நிலத்தைத் தொடவில்லை. அந்த மாதம் மெல்பேர்ணில், ட்ராமைத் தவறவிட்ட பெண்ணொருத்தியைப் பற்றிய ரொக் அண்ட் ரோல் பாட்டு ஒன்று வெளியாகி, பதினொரு கிழமை முதலிடத்தில் நின்றது. அதில் கேட்கும் கொட்டு அவருடையது. கொழும்புத் திட்டப் புலமைப்பரிசிலில் பொறியியல் படிக்க வந்தவர், ரிச்மண்டில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வயர் பூட்டிக்கொண்டிருந்தபோது, ட்ரம் அடிப்பவன் வராமல் போக, தன் தோல் சூட்கேசைக் கவிழ்த்து வைத்து அடித்தார். இணுவில்காரர், தவில் கேட்டு வளர்ந்தவர். ஆகவே பாட்டு முடிகிற இடத்தில், எங்கள் ஆட்களின் வழக்கப்படி, ஒரே அடியை மூன்று தரம் அடித்துத் தீர்மானம் வைத்தார். இரண்டில் நிறுத்துவது ஒரு காலைத் தூக்கியபடி வாசலில் நிற்பது மாதிரி. இசைத்தட்டுக் கம்பெனிக்காரருக்கு அது தெரியாது. வானொலிக்குப் பாட்டு நீளம் என்று மூன்றாம் தரத்தை வெட்டிவிட்டார்கள். தட்டு முதன்முதலில் வானொலியில் ஒலித்த காலை மகேந்திரராஜா இரண்டு விரற்கடை உயர்ந்தார்.

பிறகு அவர் பட்டம் பெற்றார், மின்சார இலாகாவில் முப்பது வருடம் வேலை செய்தார், ரஞ்சினியைக் கட்டினார். சப்பாத்து தேயாத மாப்பிள்ளை என்று மாமனார் மெச்சினாராம். வருடத்துக்கு ஒரு நெல்மணி அளவு உயர்ந்து, இப்போது முழங்கால் உயரம். மூன்று வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அதே வருத்தம் வந்த அயலவர்கள் எல்லோரும் முதியோர் இல்லத்துக்குப் போனார்கள். இவர் போகவில்லை. எழுபத்தெட்டு வயது ரஞ்சினி இவரைக் கட்டிலிலிருந்து குளியலறைக்கு ஒரு கையால் கொண்டுபோவார்; பாரமே இல்லை. மகேந்திரராஜாவுக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஆசை: சாவதற்குள் ஒருதரம் நிலத்தில் நிற்கவேண்டும். சூட்கேசில் தானே மூன்றாம் தரத்தை அடித்துப் பார்த்தார். பலிக்கவில்லை. இறங்குவதற்கு அன்று ஒலிப்பதிவில் அடித்ததுதான் வேண்டுமாம்.

சென்ற பங்குனியில், ட்ருகனினாவில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுச் சச்சிதானந்தன், குப்பைக்குப் போக இருந்த அந்தக் கம்பெனியின் பழைய பெட்டிகளுக்குள் அந்தப் பாட்டின் முழு ஒலிநாடாவைக் கண்டெடுத்து, போனில் ஏற்றிக்கொண்டு ஞாயிறு மத்தியானம் வந்தார்.

"அங்கிள், மூண்டு தரமும் கிடக்கு. வெட்டேல்லை."

"போடும், போடும்!"

ரஞ்சினி குசினியிலிருந்து வந்து அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டார். "மேல நிண்டு கட்டளை போடுறதில மட்டும் குறைச்சலில்லை."

பாட்டு ஓடியது. தீர்மானத்தின் முதல் தரத்தில் மகேந்திரராஜா ஒரு சாண் இறங்கினார். இரண்டாம் தரத்தில் பெருவிரல் நிலத்தைத் தொட மயிரிழைதான் மிச்சம். அறுபத்தைந்து வருடப் பாரமும் சேர்ந்து ரஞ்சினியின் கைக்கு வந்தது. ரஞ்சினி முழங்கால் மடங்கி, பக்கத்தில் இருந்த கதிரையோடு சரிந்தார்.

"நிப்பாட்டும்!" என்று கத்தியவர் மகேந்திரராஜா.

சச்சிதானந்தன் பாட்டை நிறுத்திவிட்டுப் போனைக் காட்டினார். "அங்கிள், இன்னும் ஒண்டுதானே கிடக்கு."

"கிடக்கட்டும். நான் இறங்கினா இவவால என்னைத் தூக்கேலாது. பிறகு என்னை ஹோமிலதான் கொண்டுபோய் விடுவியள்."

ரஞ்சினி மெல்ல எழும்பிச் சேலையைத் தட்டினார். "நிலத்தில நிக்கவேணும், நிக்கவேணும் எண்டு என்ரை உயிரை எடுத்தியளே?"

"ஓம், எடுத்தனான். இப்ப பசிக்குது. சோத்தைப் போடும்."

பின்னேரத்துக்குள் மகேந்திரராஜா பழைய உயரத்துக்கு வந்துவிட்டார். அடுத்த வெள்ளி இருவரும் த பேசின் என்ற ஊரில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் போனார்கள். ரஞ்சினி அவருடைய சால்வைத் தலைப்பைப் பிடித்தபடி வீதி சுற்றினார். ஐயர் கையைக் கொஞ்சம் உயர்த்தி அவருக்கு விபூதி கொடுத்துவிட்டு, அடுத்த ஆளிடம் போனார்.