நார்ப்பின் தனிப் புட்டி

முக்காலியின்மேல் ஏறி நின்றுகொண்டு, மேல்தட்டிலிருந்த அந்தப் புட்டியை நோக்கிக் கிரெய்க் கையை நீட்டியபோது, பன்றியிறைச்சி ரொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த மார்லா தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அதத் தொடாத கிரெய்க்."

"ஏன், தொட்டா உங்கப்பா எந்திரிச்சு வந்து ஒதைப்பாரா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கல்லறையிலிருந்து நேரே வந்தவர்கள். கறுப்பு மேலங்கிகளைக்கூடக் கழற்றவில்லை. அவர்களுடைய காலணிகளில் ஒட்டிவந்த பனி உருகித் தரையெங்கும் அழுக்கு நீராய்த் தேங்கியிருந்தது.

நார்பர்ட் வோய்சிக்கைக் காலையில்தான் புதைத்தார்கள். ஊரும் கல்லூரியும் அவரை நார்ப் என்றே அழைத்தன. அவருடைய மதுக்கூடத்துக்கும் அதுவே பெயர். கட்டடம் முன்பே விலைபோய்விட்டது. வருகிற வாரம் அதை இடித்து, மாணவர்களுக்கு அடுக்குமாடி வீடுகள் கட்டப்போகிறார்கள். கடை மூடும் நாளை நார்ப்தான் குறித்திருந்தார். அந்த நாளுக்குச் சற்று முன்பாக அவர் மருத்துவமனையில் கண்மூடவே, இழவுச் சாப்பாட்டையும் கடைசி நாளையும் ஒன்றாகவே முடித்துவிடலாம் என்று அவருடைய ஒரே மகள் மார்லா தீர்மானித்தாள். அந்தத் தீர்மானம் எத்தனை பிழையானது என்பது அவளுக்கு இப்போதுதான் புரியத் தொடங்கியது. துக்கத்துக்கு வந்தவர்கள் நண்பகலுக்குள் கொண்டாட்டத்துக்கு வந்தவர்களாய் மாறிவிட்டிருந்தார்கள்.

"எல்லாரும் கேளுங்கப்பா," என்று முக்காலியின்மேல் நின்றபடியே கிரெய்க் குரலை உயர்த்தினான். அந்நாளைய கல்லூரி மாணவன் இப்போது காப்பீட்டு முகவர்; தாடை மடிந்து, தலை வழுக்கையாகியிருந்தது. "இருபத்தொண்ணு முடிஞ்ச அன்னிக்கு நாம ஒவ்வொருத்தரும் இந்த எடத்துல நின்னு நார்ப்புக்கு ஈடு குடிச்சோம். அவரு ஒண்ணு, நாம ஒண்ணு. மனுசன் நமக்குக் கடைச்சரக்க ஊத்திட்டுத் தனக்கு மட்டும் இதுலேர்ந்துதான் ஊத்திப்பாரு. யாரையாவது தொட விட்டிருக்காரா?"

"தொட்டா கை இருக்காதும்பாரு!" என்று ஒருவர் பின்னாலிருந்து கத்தினார்.

"இன்னிக்குக் கை இருக்கும். ஆளுக்கு ஒரு வாய் குடிச்சுட்டுத்தான் இங்கேர்ந்து கெளம்பறோம். சரியா?"

மேசைகள் அதிர்ந்தன. நார்ப், நார்ப் என்ற கூச்சல் கூரையைத் தொட்டது. குடிக்கச் சட்டம் அனுமதிக்கும் இருபத்தொரு வயது நிரம்புவதே அந்த ஊரில் ஒரு சாதனையாகக் கருதப்பட்டது. அன்றிரவு தன் காலில் நிற்க முடியாதவனாய் வீடு போய்ச் சேர்வது அதனினும் பெரிய சாதனை. அறிவு வளர்க்க வந்தவர்கள் ஆயுள் முழுதும் நினைத்து மகிழ்வதற்கு அங்கே வேறொன்றுமே கிடைக்கவில்லை போலும்.

கிரெய்க்கின் கையிலிருந்து மார்லா புட்டியை வாங்கிக்கொண்டாள்.

"ஒரே தூசி. தொடச்சுக் கொண்டுவர்றேன்."

"சீக்கிரம் வா. நாங்க செத்து அவரு பக்கத்துல படுக்கறதுக்குள்ள."

சமையலறைக் கதவை மூடிவிட்டு, அவள் மூடியைத் திருகினாள். உள்ளே தேநீர். மூன்று வாரமாய்க் கிடந்த தேநீரின்மேல் வெள்ளை ஏடு படர்ந்து, புளித்த வாடை அடித்தது.

மூன்றாம் வகுப்பில் படிக்கும்போதிலிருந்து மார்லா அதைக் காய்ச்சிவந்திருக்கிறாள். ஞாயிறுதோறும் கோவில் பூசை முடிந்து வந்ததும், பெரிய பாத்திரத்தில் கொதிக்கவைத்து, விஸ்கியின் நிறம் வரும்வரை இறக்கி, ஆறவைத்து ஊற்றுவாள். அவளுடைய தாய் ஒருநாள் பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு, முன்னிருக்கையில் மகளையும் உட்காரவைத்துக்கொண்டு காத்திருந்தாள். நார்ப் படியிறங்கி வந்து, இனிக் குடிப்பதில்லை என்று சொன்னார். சொன்னபடி நடந்தார். ஆனால், வாடிக்கையாளன் வாங்கித் தரும் மதுவை மறுப்பது அந்தத் தொழிலில் அவமரியாதை. குடிக்காதவன் ஊற்றிக்கொடுக்கும் கடையில் மாணவர்கள் நிலைக்கவும் மாட்டார்கள். ஆகவே தேநீர். தேநீருக்கு ஏற்ற நடிப்பும் வேண்டும். நாக்குக் குழறும், கண் செருகும், மேசையின்மேல் தலை சாயும். எல்லாவற்றையும் அவர் குறையின்றிச் செய்தார்.

மருத்துவமனையில் கடைசியாக நினைவோடு இருந்த அன்று, "அந்த பாட்டிலக் கொட்டிடு," என்றார். அவள் தலையசைத்தாள். சற்று நேரம் கழித்து, "ஆர்லீன் வருவாங்கல்ல?" என்றார். வருவார்கள் என்றாள். சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழையது என்பதால் கொட்டச் சொன்னாரா, ஆர்லீனிடமிருந்து மறைப்பதற்குக் கொட்டச் சொன்னாரா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இப்போது செய்யவேண்டியது எளிதுதான். தேநீரைக் கொட்டிவிட்டு உண்மையான விஸ்கியை ஊற்றிவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அலமாரியிலிருந்து புதிய புட்டி ஒன்றை எடுத்துத் திறந்தாள். புனலைத் தேடி எடுத்தாள். அந்நேரம் கதவு திறந்தது.

ஆர்லீன் டாஃப்டி, வெறுமையான சாலட் கிண்ணத்தோடு நின்றாள். எண்பதை நெருங்கிய, ஒடிசலான கிழவி. வடக்கே பண்ணையிலிருந்து தன்னந்தனியாய்க் காரோட்டி வந்திருந்தாள்.

"ஏம்மா, உருளைக்கெழங்கு சாலட் தீந்துபோச்சு. இன்னும் இருக்கா?"

"பிரிட்ஜுல இருக்கு. நீங்க போய் உக்காருங்க, நான் கொண்டுவர்றேன்."

"உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சு. அந்தப் பசங்க கத்துற கத்துல காதும் போச்சு. பசங்களாம் பசங்க! ஒருத்தன் தலையில முடியக் காணோம்."

மார்லா சிரிக்க முயன்றாள். ஆர்லீனின் பார்வை புட்டியின்மேல் விழுந்தது.

"இதுதானா அது? நானும் இன்னிக்கு ஒரு வாய் குடிக்கப்போறேன். வாழ்நாள்ல தொட்டதில்ல. ஆனா எம் புள்ளகூடக் கடைசியா உக்காந்து குடிச்ச மனுசன், அவருக்காக ஒரு வாய்."

அவளுடைய மகன் கர்ட்டிஸ். தன் இருபத்தொன்றாம் பிறந்தநாளில், கடுங்குளிர்கால இரவொன்றில், நார்ப்புக்கு ஈடு குடித்துவிட்டு வெளியே போனவன். மறுநாள் காலை, பனி வழிக்க வந்தவர்கள் ஹாக்கி அரங்கின் பின்புறத்தில் குளிரில் விறைத்துக் கிடந்த அவனைக் கண்டெடுத்தார்கள். அடக்கத்தன்று ஆர்லீன் நார்ப்பிடம் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவரும் ஒரே ஒரு விடை சொன்னார். அதன்பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் தன் கையால் உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டுத் துணியில் பொதிந்து அனுப்பிவந்தாள். நார்ப் ஒரு துண்டுகூட வாயில் வைத்ததில்லை.

"எங்க வீட்டுக்காரரு ஹாரல்ட் சாகற வரைக்கும் உங்கப்பாவத் திட்டிக்கிட்டேதான் இருந்தாரு," என்றாள் ஆர்லீன். "நான் சொல்வேன், ஏங்க, அந்தாளுக்கே அன்னிக்குத் தலகால் புரியல. தனக்கே நெதானமில்லாதவன் இன்னொருத்தன எப்படி நிறுத்துவான்? எங்கிட்ட வாயத் தொறந்து சொன்னாரே, 'நானும் போதையில கெடந்தேம்மா, அவன் போனதே தெரியாது'ன்னு. அதக் கேட்டப்புறந்தாம்மா எனக்குத் தூக்கம்னு ஒண்ணு வந்துச்சு."

மார்லாவின் கையில் புனல் இருந்தது.

அன்றிரவு அவள் இதே தொட்டியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். கதவிடுக்கு வழியே எல்லாம் தெரிந்தது. கர்ட்டிஸ் ஒரு கையுறையை மாட்டிக்கொண்டு மற்றொன்றைத் தேடினான். கிடைக்காமல், அதுவும் வேடிக்கைதான் என்பதுபோலச் சிரித்தான். மேசையின்மேல் சாய்ந்திருந்த நார்ப் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். கதவு சாத்தப்படும்வரை பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, "விடுதி பக்கந்தான், போயிருவான்," என்றார், யாரும் கேட்காமலேயே. நாக்குக் குழறவில்லை.

"ஆர்லீன்."

"சொல்லும்மா."

புனலை வைத்துவிட்டு, மார்லா பழைய புட்டியை அவளிடம் நீட்டினாள். கிழவி அதைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்தாள்.

"என்ன இது? கெட்டுப்போன டீ மாதிரி..."

"டீதான்."

"விஸ்கியில்லயா?"

"எப்பவுமே இல்ல. நான் சின்னப்புள்ளயா இருந்தப்பவே அப்பா குடிய விட்டுட்டாரு. அதுக்கப்புறம் ஒரு சொட்டு தொட்டதில்ல."

குளிர்பெட்டியின் மோட்டார் உறுமி அடங்கியது. ஆர்லீன் கிண்ணத்தை மேசையின்மேல் வைத்தாள். விளிம்போரம் இருந்ததைச் சற்று உள்ளே நகர்த்தினாள்.

"அன்னிக்கும்?"

"அன்னிக்கும்."

"அப்போ அவரு கண்ணு தெளிவாத்தான் இருந்துச்சு."

"ஆமா."

"கர்ட்டிஸ் வெளிய போனதப் பாத்தாரு."

"பாத்தாரு."

ஆர்லீன் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"நீ?"

மார்லாவின் பார்வை தொட்டிப் பக்கம் போனது. கூடத்திலிருந்து கிரெய்க்கின் குரல் வந்தது. "மார்லா! பாட்டிலத் தொடைக்கிறியா, இல்ல புதுசா விஸ்கி காய்ச்சுறியா?" பெருஞ்சிரிப்பு எழுந்தது.

கிழவி புட்டியைத் தொட்டியில் கவிழ்த்தாள். ஏடு வாயில் அடைத்துக்கொண்டு, பின் விடுபட்டு விழுந்தது. குழாயைத் திறந்து புட்டியை இருமுறை அலசினாள். தன் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவுவதுபோல, அவசரமின்றி. மேசையின்மேல் வைத்து, புனலைச் செருகி, விழாமல் பிடித்துக்கொண்டாள்.

"ஊத்து."

"ஆர்லீன், வேண்டாம்..."

"ஊத்தும்மா. கேக்கறாங்கல்ல. தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க. எனக்குத் தெரிஞ்சது போதும்."

மார்லா ஊற்றினாள். புனலைப் பிடித்திருந்த ஆர்லீனின் கை அசையவில்லை. நிரம்பியதும், கொக்கியில் தொங்கிய தன் மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு, கூடத்தின் வழியே ஆர்லீன் வெளியேறினாள். "பாத்துப் போங்கம்மா, வெளிய வழுக்கும்," என்று யாரோ சொன்னார்.

கிரெய்க் குருமார்களின் பணிவோடு சிறு கோப்பைகளில் ஊற்றினான். எல்லாரும் எழுந்து நின்று குடித்தார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு நாவில் உருட்டி விழுங்கினான்.

"அதே ருசி! சத்தியமா அதே ருசி. எங்க குடிச்சாலும் சொல்லிருவேன்."

"நீ எப்படா இதக் குடிச்ச? அவருதான் தொட விடமாட்டாரே?"

"ஒரு தடவ அவரு தூங்கறப்போ திருட்டுத்தனமா அடிச்சேன். செத்தவங்க முன்னாடி பொய் சொல்வேனா?"

மேசைகள் மீண்டும் அதிர்ந்தன. தன் கோப்பையை மார்லா குடிக்கவில்லை. கையில் பிடித்தபடி நின்றாள். அப்போது வாசற்கதவு திறந்து குளிர் உள்ளே வந்தது. ஆர்லீன் நிலைப்படியிலேயே நின்றாள். தலையிலும் தோளிலும் பனித்தூள் படிந்திருந்தது.

"நீலக் கலர் ட்ரக் யாரோடது? என் காருக்குப் பின்னாடி நிக்குது. எடுக்க முடியல."

"அய்யய்யோ, என்னோடதுதாம்மா. மன்னிச்சுக்கங்க," என்று கிரெய்க் சாவியைத் தடவி எடுத்தான்.

"நீ ஓட்டாத," என்று மார்லா சாவியைப் பறித்துக்கொண்டு, மேலங்கி இல்லாமலேயே வெளியே நடந்தாள்.

அவள் ட்ரக்கைப் பின்னுக்கு எடுத்து வழிவிட்டாள். கிரெய்க்கும் இன்னும் இருவரும் சேற்றுப்பனியில் இறங்கி நின்று, கையை ஆட்டி ஆர்லீனுக்கு வழிகாட்டினார்கள். "வாங்க, வாங்க... இன்னும் வரலாம்... லெப்ட்ல ஒடிங்க... அவ்வளவுதான்! பிரமாதம்!" அவள் அவர்களைப் பார்க்கவில்லை; ட்ரக்கையும் பார்க்கவில்லை. சிறிய சாம்பல்நிறக் கார் தெருவில் இறங்கிச் சீராய்ப் போனது. ஆடவர் மூவரும் கையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

மார்லா இருக்கையிலேயே இருந்தாள். தெருமுனை நாற்சந்தியில் கார் நின்றது. பண்ணைக்குப் போகும் இடப்பக்கம் திரும்பப்போவதாக அதன் விளக்கு மினுங்கியது. இரு பக்கமும் வண்டி எதுவும் வரவில்லை. விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது, கார் திரும்பவில்லை.