பாலேவுக்கு ஓர் அரங்கேற்றம்

பாலேயில் அரங்கேற்றம் என்று ஒன்று கிடையாது. இதை என் அம்மா தனலெட்சுமியிடம் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தேன்! அதற்குச் சுவரிடம் பேசியிருக்கலாம். சுவராவது எதிர்த்துப் பேசாது.

"அரங்கேற்றம் பண்ணாத டான்ஸ் என்னாடி டான்ஸு? பெரியப்பா மகளுக்கு எப்படிப் பண்ணாங்க, பாத்தீல்ல? குளுவாங் ஊரே பேசிச்சு. நீ சத்தமில்லாம ஹாங்காங்குக்கு பிளேன் ஏறிட்டா, நான் கதை விட்டேன்னு சொல்லுவாங்க லா."

அவள் பிடிவாதத்துக்கும் காரணம் இருந்தது. அப்பா இறந்த பிறகு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்து என்னை வளர்த்தவள் அவள். "பரதம் படிக்க வைக்காம, பொம்பளப் புள்ளைக்குக் குட்டைப் பாவாடையை மாட்டி ஆட விடுறா" என்று கல்யாண வீடு, கருமாதி வீடு எதையும் விடாமல் சொந்தக்காரர்கள் அவள் காதுபடப் பேசினார்கள். அவளோ சனிக்கிழமைதோறும் என்னை ரயிலில் ஜொகூர் பாருவில் இருந்த பாலே வகுப்புக்குக் கூட்டிப்போனாள். உள்ளே நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு முட்டி மடக்கிப் பழகுவேன். அவள் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தபடியே தூங்குவாள்.

வளர்ந்த பிறகு சிங்கப்பூரில் பயிற்சி. கால் நகங்கள் கறுத்து விழுந்தன, முளைத்தன, மறுபடி விழுந்தன. விரல் நுனியில் நிற்பது பார்ப்பவர்களுக்கு அழகு, நிற்பவளுக்கு நரகம். பாலே குழுக்களில் சேரத் தேர்வுக்குப் போன இடமெல்லாம் தோள் அகலம், உயரம் அதிகம், அடுத்த வருஷம் வா என்று திருப்பி அனுப்பினார்கள். இந்தத் தொழிலில் முப்பதைத் தாண்டினாலே வயசாகிவிட்டது என்பார்கள். அடுத்த வருஷத்துக்கு நான் எங்கே போவது? கடைசியில், நான் ஓய்ந்துபோன நேரத்தில், ஹாங்காங் குழு ஒன்று என்னை எடுத்தது. அடுத்த மாதமே போய்ச் சேர வேண்டும். அதற்குள் அம்மா அரங்கேற்றத்துக்குக் கோயில் டேவானை, அதாவது மண்டபத்தை, பதிவு செய்துவிட்டாள்.

சின்ன வயதிலிருந்து என்னைப் பழக்கிய டீச்சர் ஐலீன் இதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அலமாக்! பாலே மேடைன்னா பலகைக்கு அடியில இடம் விட்டிருப்பாங்க லோஷினி. நாம குதிச்சு இறங்குறப்ப அது அமுங்கிக் கொடுக்கும். கோயில் டேவான்ல சிமெண்ட்டு, அது மேல டைல்ஸ். மொத்த அடியும் உன் காலுக்குத்தான். மெதுவா ஒண்ணு ஆடிட்டு இறங்கிடு. குதிக்கவே கூடாது, சொல்லிட்டேன்."

சரி என்றேன். ஏற்கெனவே இடது பாதத்தில் ஒரு நோவு இருந்தது. நோவு இல்லாத கால் எங்களில் எவளுக்கு இருக்கிறது? அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டேவானில் அம்மா குத்துவிளக்கு ஏற்றினாள். நடராஜருக்கு மாலை போட்டாள். சம்பந்தமே இல்லாமல் நாதஸ்வரம் வேறு. பட்டுப்புடவையில் அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. டீச்சர் சொன்னபடி மெதுவான ஆட்டம் ஒன்றை ஆடினேன். முன்வரிசையில் இருந்த பெரியப்பா ஐயாசாமி ஊருக்கே கேட்கிற மாதிரி வாய்விட்டார்.

"என்னா இது, கொக்கு மாதிரி நிக்குது? இதுக்கா ஹாங்காங்ல கூப்புடுறாங்க?"

டேவான் முழுக்கச் சிரிப்பு. அம்மாவின் முகம் செத்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் மேடை ஓரமாக வந்து என் கையைப் பிடித்தாள்.

"லோஷி, அந்தக் குதிக்கிறத ஆடிக் காட்டும்மா. ஒரே ஒரு வாட்டி."

அத்தனை வருஷம் படிக்கட்டில் உட்கார்ந்தவள் கேட்கிறாள். முடியாது என்று எந்த வாயால் சொல்வது?

குதித்தேன். அப்படி ஒரு குதி நான் எந்தத் தேர்விலும் குதித்ததில்லை. பெரியப்பாவே வாயைப் பிளந்துவிட்டார். இறங்கும்போது பாதத்துக்குள் ஏதோ முறிகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. டைல்ஸில் விழுந்து கிடந்தேன். அதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்து எல்லாரும் கை தட்டினார்கள். அம்மாதான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

எலும்பில் முன்பே கீறல் இருந்ததாம், இப்போது இரண்டாகிவிட்டதாம். நடக்கலாம், விரல் நுனியில் இனி நிற்க முடியாது என்றார் டாக்டர். ஹாங்காங்கிலிருந்து மரியாதையாகத்தான் பேசினார்கள். வேறொரு பெண்ணை எடுத்துவிட்டார்களாம். அவளைச் சபித்தேன். பிறகு சபிக்கவும் தெம்பில்லை. காலையில் எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி படுத்துக்கொள்வேன். இந்த உடம்புக்கு வேறு எதுவும் தெரியாது.

பார்க்க வந்தவர்களெல்லாம் "கண்ணு பட்டிருச்சு" என்றார்கள். அம்மா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் காய்ந்த மிளகாய், உப்பு, கடுகு எல்லாம் கைநிறைய அள்ளிக்கொண்டு வந்து என்னை உட்கார வைத்துச் சுற்றினாள்.

"கண்ணுதான்டி. உங்க பெரியப்பா கண்ணு ஒண்ணே போதும். கண்ணு பட்டிருந்தா மொளகா நெடி வராது. நீயே பாரு, மூக்குல ஒண்ணும் ஏறாது."

கண்ணும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, சிமெண்ட்டு என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் கனன்ற கரித்துண்டுகளின் மேல் மிளகாயைப் போடக் குனிந்தவள், போடுவதற்கு முன் என் பாதத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். சாமி, நெடி வரக் கூடாது என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

நெடி வந்தது. தொண்டையைப் பிடித்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. அம்மா இருமிக்கொண்டே உள்ளே ஓடி இன்னொரு பிடி மிளகாய் எடுத்து வந்து மறுபடி சுற்றிப் போட்டாள். அடுத்த வீட்டிலும் இருமினார்கள். அவள் சன்னலைத் திறக்கவில்லை. புகைக்கு நடுவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கண்ணு இல்லடி. நான்தான்" என்றாள்.

இல்லைம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருமல் விடவில்லை என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லவில்லை.