விடுப்பில் கட்டிய தவணை

என் தம்பி வீடும் என் வீடும் ஒரே தெருவில் எதிரெதிரே நிற்கின்றன. ஒரே வரைபடத்தில், ஒரே கொத்தனார் கட்டியவை. என் மகனும் அவன் மகனும் ஒரே மாதத்தில் ஒரே வங்கியில் கடன் வாங்கித்தான் வாங்கினார்கள். ஆனால் ஆறே வருடத்தில் அவன் வீட்டுக்குத் தானாக நகரும் இரும்புக் கதவு வந்துவிட்டது. என் வீட்டுக் கதவை இன்னும் கையால் தூக்கிக் காலால் தள்ள வேண்டியிருக்கிறது. தம்பி தெருமுனையில் வரும்போதே கையில் இருக்கும் பொத்தானை அழுத்துவான். கதவு விலகி நிற்கும். பக்கத்தில் வந்து அழுத்தினாலும் அது திறக்கும். நான் ஜன்னலோரம் இருக்கும் நேரம் பார்த்துத்தான் தூரத்திலிருந்து அழுத்துகிறான்.

என் மகன் லிஃப்ட் மெக்கானிக். மூன்று மாதத்துக்கு முன் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் விழுந்து வலது தோளை உடைத்துக்கொண்டான். ஆறு மாதம் கையைத் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். கம்பெனி பாதிச் சம்பளம் கொடுத்தது. அவன் வங்கியில் பேசி ஆறு மாதத்துக்குத் தவணை விடுப்பு வாங்கி வந்தான்.

"விடுப்பா? கடனுக்கு ஏதுடா விடுப்பு? அது என்ன வேலைக்கா போகுது?" என்றேன்.

"தவணை மட்டும்தாம்பா நிக்கும். வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும். அது கடனோட சேர்ந்துக்கும். கடைசில பத்து மாசம் போல கூடக் கட்டணும். பரவால்ல, இப்ப மூச்சு விடலாம்."

"அப்ப இது தவணை தப்புறதுதானே?"

"தப்புறது வேற, கேட்டு வாங்கி நிறுத்துறது வேறப்பா."

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. லாரி எடைமேடையில் முப்பத்தொரு வருடம் மேற்பார்வை பார்த்தவன் நான். ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் கொடுக்க வேண்டியதை நிறுத்தி வைத்ததில்லை. வெளியே யாருக்கும் தெரியக்கூடாது, முக்கியமாக எதிர் வீட்டுக்கு, என்று சொல்லிவிட்டேன். மருமகள் தலையை ஆட்டினாள். சிரிப்பை அடக்கினாள் என்றும் நினைக்கிறேன்.

நானும் தம்பியும் மாலையில் பூங்கா வரை நடப்போம். சின்ன வயதிலிருந்து அவன் அரை அடி முன்னால்தான் நடப்பான்.

"எம் பையன் இந்த வருஷம் ரெண்டு தவணை கூடுதலாவே கட்டிட்டான் அண்ணே. கடன் சீக்கிரம் முடிஞ்சிருமாம்," என்றான் ஒரு நாள்.

நான் துண்டை உதறித் தோளில் போட்டேன்.

"உங்க வீட்ல எப்படி? பாவம், பையன் கட்டுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். வங்கில சொன்னா கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பாங்களாமே?"

பாவம் என்ற அந்த ஒரு சொல் என் காதுக்குள் மிளகாயாக எரிந்தது.

"எங்க வீட்ல ஒரு மாசம்கூட நிக்கல," என்றேன்.

"அப்படியா! பெரிய விஷயம்தான்," என்றான். அவன் நம்பினானா என்று முகத்தைப் பார்க்கலாம் என்றால், அவன்தான் முன்னால் போய்க்கொண்டிருக்கிறானே.

வீடு வந்து சேர்ந்தபின் நாற்காலியில் உட்காரப் பிடிக்கவில்லை. நான் பொய் சொல்பவன் அல்ல. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அதற்கு எதிர் வீட்டுப் படியேற வேண்டும். அல்லது சொன்னதை மெய்யாக்கிவிடலாம். பல் கட்டுவதற்காக அலமாரியில் கொஞ்சம் பணம் வைத்திருந்தேன். எண்ணிப் பார்த்தேன். நின்றுபோன மூன்று தவணைக்குப் போதாது, ஒன்றுக்குப் போதும். மூன்றில் ஒரு பங்கு பொய்யையாவது குறைக்கலாமே என்று நினைத்தேன்.

மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் வங்கிக்குப் போனேன். பணம் வாங்கும் பெண் கணினியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சார், இந்தக் கடன் விடுப்புல இருக்கே. முழுத் தவணையும் கட்டணுமா? வீட்ல கேட்டுட்டீங்களா?"

"என் வீட்டுக் கடனைக் கட்டுறதுக்கு யாரைக் கேக்கணும்? வாங்கிக்கம்மா."

அவள் வாங்கிக்கொண்டாள். ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன். அன்று மாலை நடையில் நான்தான் அரை அடி முன்னால் போனேன்.

அந்தச் சுகம் பன்னிரண்டு நாள் நீடித்தது. ஐந்தாம் தேதி காலை காபி குடித்துக்கொண்டிருந்தோம். மருமகள் தன் கைபேசியைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் மருந்துக் கடையில் பில் போடுபவள். எண்களில் தப்பு செய்யாதவள்.

"தவணை பிடிக்க வந்து, பணம் இல்லாமத் திரும்பிருச்சாம். அபராதம் போட்டிருக்காங்க."

"இன்னும் மூணு மாசம் விடுப்பு இருக்கே!" என்றான் மகன்.

"முடிஞ்சிருச்சுன்னு போட்டிருக்கு. போன மாசம் கிளையில ரொக்கமா ஒரு தவணை கட்டிருக்காங்களாம். யாரு கட்டினா?"

இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"மாமா?"

"கட்டினேன். திருடவா செஞ்சேன்? கடனைக் கட்டினேன்," என்றேன்.

மகன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். இடது கையால் சட்டையை மாட்டத் தொடங்கினான். கட்டுப் போட்ட தோள் உள்ளே போகவில்லை. மருமகள் பொத்தான் போட்டுவிட்டாள். நானும் அவனோடு வங்கிக்குக் கிளம்பினேன்.

கடன் பிரிவு அதிகாரி என் மருமகள் வயதுதான் இருப்பாள். விடுப்புக்கு வங்கி கொடுத்த கடிதத்தின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள்.

"விடுப்பு நடக்கும்போது முழுத் தவணை வந்தா, இனி விடுப்பு வேண்டாம்னு எடுத்துக்குவோம் சார். மறுமாசத்துலேருந்து பழையபடி பிடிக்க ஆரம்பிச்சிரும்."

"தவணை கட்டினவனுக்கு அபராதமா? இது எந்த ஊர் நியாயம்மா?"

"கட்டினதுக்கு இல்ல சார். அடுத்தது திரும்பிப் போச்சே, அதுக்கு." அவள் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். "விடுப்புல இருந்த மூணு மாசமும் உங்க மகன் பேர்ல ஒரு குறையும் இல்ல பாருங்க. நீங்க கட்டினப்புறம்தான் முதல் குறை விழுந்திருக்கு."

முப்பத்தொரு வருடத்தில் என்னை யாரும் அப்படி உட்கார வைத்ததில்லை.

மகன் கேட்டான்: "மறுபடி விடுப்பு கிடைக்குமா மேடம்?"

"ஒரு வருஷத்துக்குள்ள ரெண்டு தடவை தர முடியாது. குறைச்ச தவணை தரலாம். ஆறு மாசத்துக்குப் பாதி கட்டினாப் போதும். மீதி கடனோட சேரும், காலமும் நீளும். ஆனா திரும்பிப் போன இந்தத் தவணையையும் அபராதத்தையும் பத்து நாளைக்குள்ள கட்டிடணும். அது நிலுவையில இருந்தா அந்த ஏற்பாடு கிடையாது. தவணை தவறிக்கிட்டே போனா, அப்புறம் வீட்டு மேலதான் நடவடிக்கை வரும்."

வீடு என்ற சொல்லை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். மகன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

பத்து நாளில் ஆறு நாள் ஓடிவிட்டது. மகன் கம்பெனியில் முன்பணம் கேட்டான். ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்றார்கள். மருமகள் கடை முதலாளியிடம் கேட்டதில் கால்வாசி தேறியது. ஏழாம் நாள் மகன் செருப்பை மாட்டினான்.

"எங்கடா?"

"சித்தப்பாகிட்ட."

"என் உடம்புல உயிர் இருக்கிற வரைக்கும் அங்க போய்க் கை நீட்டக் கூடாது!"

"வீட்டை விட்டுட்டு உங்க உயிரை எங்கப்பா வச்சுக்கிறது?" என்றான்.

அவனை உட்காரச் சொன்னேன். கட்டுப் போட்ட கையோடு என் பிள்ளை அந்தக் கதவுக்கு முன்னால் நிற்பதை என்னால் பார்க்க முடியாது. நானே தெருவைக் கடந்தேன். மணியை அழுத்துவதற்குள் கதவு விலகியது. தம்பி உள்ளேயிருந்து பார்த்திருக்கிறான். அவனும் ஜன்னலோரம் உட்காருபவன்தான் போலிருக்கிறது.

"வாங்க மாமா, உக்காருங்க," என்று தம்பி மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். புது நாற்காலி. நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: விடுப்பு, பொய், பல் கட்ட வைத்த பணம், அபராதம். எதையும் குறைக்கவில்லை. பாதி சொல்லிக் கேட்பதைவிட முழுதும் சொல்லிக் கேட்பது கொஞ்சம் கௌரவமாக இருந்தது.

தம்பி முதலில் உதட்டைக் கடித்தான். பிறகு தாங்க முடியாமல் வெடித்துவிட்டான்.

"ஏண்ணே, ஊர்ல எல்லாரும் கட்டாம மாட்டிக்குவாங்க. நீ கட்டி மாட்டிக்கிட்டியா?"

"சும்மா இருங்க, மாமா முகத்தைப் பாருங்க," என்றாள் அவன் மனைவி. அவள் தோளும் குலுங்கிக்கொண்டிருந்தது.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய் ஒரு உறையோடு வந்தான். எவ்வளவு என்று மறுபடி கேட்கவில்லை. தன் மகனிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. என்னிடம் அப்படி ஒருவன் வந்து நின்றிருந்தால், நான் கொடுத்திருப்பேன். கொடுப்பதற்கு முன் கால் மணி நேரம் பேசியிருப்பேன். அவன் கொடுத்தது எனக்கு வலிக்கவில்லை. அவ்வளவு லேசாகக் கொடுத்ததுதான் வலித்தது.

"எப்ப திருப்பித் தருவேன்னு கேக்க மாட்டியா?" என்றேன்.

"கேட்டா நீ நாளைக்கே கொண்டாந்து கட்டிருவ. அப்புறம் அதுக்கு எவன் அபராதம் போடுறது? போண்ணே, போய் வேலையப் பாரு."

மகன் வாசலிலேயே நின்றிருந்தான். உறையைப் பார்த்ததும் அவன் முகம் தளர்ந்தது.

"சித்தப்பா என்னப்பா சொன்னாரு?"

எனக்குச் சொல்லப் பிடிக்கவில்லை. ஆனால் அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், அதனால் சொன்னேன். கட்டி மாட்டிக்கிட்டியா என்ற இடத்தில் அவன் சிரிக்கத் தொடங்கினான். அபராதம் வரை போனதும் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ வலிக்குது, ஐயோ," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். உள்ளேயிருந்து மருமகள் ஓடி வந்தாள். குழியில் விழுந்த நாளிலிருந்து அவன் சிரித்து நாங்கள் கேட்டதில்லை.

அந்த மூன்று மாதமும் நான்தான் அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாத்திரை எடுத்துக் கொடுத்தேன், தலையணை சரிசெய்தேன். என்னால் வரவழைக்க முடியாத சிரிப்பை எதிர் வீட்டுக்காரன் இரண்டு வரியில் வரவழைத்துவிட்டான்.

"போதும்டா, வங்கிய மூடிருவான்," என்று சொல்லி, உறையை அவன் நல்ல கையில் கொடுத்தேன்.