பச்சைத் தாருக்குள் இருந்த மழை

கோவில்பட்டியில் ஆவுடைத்தாயின் தீப்பெட்டி ஆபீஸ் மொட்டைமாடியில், 1979 ஐப்பசியில் பெய்த மழை நான்கு ஆண்டுகள் வெளியே வராமல் தங்கியிருந்தது. தொழிற்சாலையை ஆபீஸ் என்று சொல்லும் ஊர் அது. அந்த ஐப்பசி வரை தளம் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகிய இடத்தில் நின்ற சட்டங்களில் மருந்தில் முக்கியெடுத்த குச்சிகள் நமத்துப்போயின. நமத்த குச்சியை எந்தக் கடைக்காரரும் வாங்க மாட்டார். ஆபீஸை மூடினால், குச்சிகளைச் சட்டத்தில் செருகிக் கட்டை அடுக்கும் பெண்களும் பெட்டி ஒட்டும் பெண்களும் வேலையில்லாமல் வீட்டில் உட்கார வேண்டும்.

தளம் ஒழுகினால் ஊரில் சின்னக்கருப்பனைத்தான் கூப்பிடுவார்கள். அவர் மாடியிலேயே அடுப்பு மூட்டி, தாரைக் காய்ச்சி ஊற்றி, சூடு ஆறுவதற்குள் தார்த்தாளை உருட்டி விரிப்பார். ஆவுடைத்தாய் அவரைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டாள். அவள் கணவன் தங்கச்சாமி அதே கட்டடத்தில் தீப்பிடித்துச் செத்தவன். அதற்குப் பிறகு அந்தக் கேட்டைத் தாண்டி நெருப்பு போனதில்லை. டீகூட வெளியிலிருந்துதான் வரும். பெயிண்ட் கடை சுல்தான் அவளுக்காக மதராஸிலிருந்து டின்களில் ஒரு கறுப்புக் குழம்பு வரவழைத்தார். அதைக் காய்ச்ச வேண்டாம். பிரஷ்ஷால் பூசினால் தானே இறுகி ரப்பர் போலாகிவிடும். காய்ச்சாததால் ஊர் அதற்குப் பச்சைத் தார் என்று பெயர் வைத்தது.

“வேகாத சோத்த எலையில போடுத மாதிரில்லா இருக்கு, பாய்” என்றார் சின்னக்கருப்பன்.

“நீரு அடுப்பப் பாரும் அண்ணாச்சி, நான் தளத்தப் பாக்கேன்” என்றார் சுல்தான்.

தளம் காய்ந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே சுல்தான் சொன்ன நிபந்தனை. ஆனால் அந்தக் கரிசல் ஊர்களில் வருஷத்தின் முதல் மழைத் தண்ணீரை யாரும் விளக்குமாறால் தள்ளுவதில்லை. தள்ளினால் அடுத்த மழை கோபித்துக்கொண்டு போய்விடும் என்பார்கள். மாடியில் முதல் மழை தேங்கி நின்றது, வடக்கே மறுபடி மேகம் கூடியது. ஆவுடைத்தாயால் காத்திருக்க முடியவில்லை. தண்ணீரைத் தள்ளவும் ஆள் வரவில்லை. அதனால் தண்ணீரின் மேலேயே பூசினார்கள். பச்சைத் தார் பிடித்துக்கொண்டது.

அதன்பின் ஒரு சொட்டு ஒழுகவில்லை. குச்சிகள் உரசியதும் பற்றின. மாடி மட்டும் மெல்ல உப்பியது. ஒவ்வோர் ஐப்பசியிலும் அதற்குள் இடி இடித்தது, தவளைகள் கத்தின. வெளியே வானம் வெளுத்துக் கிடக்கும் மத்தியானங்களில், பெண்கள் தலைக்கு மேல் மழைச் சத்தம் கேட்டபடி கட்டை அடுக்கினார்கள். சுல்தான் ஏறி வந்து தடவிப் பார்த்து, சரக்கில் குறையில்லை என்றார். அது உண்மைதான்.

1983இல் கிணறுகள் வற்றின. மணியாச்சி ஸ்டேஷனில் ரயில் இஞ்சினுக்கு விடும் தண்ணீருக்கு ஜனங்கள் குடத்தோடு நின்றார்கள். கட்டை அடுக்கும் பாண்டியம்மாளின் கைக்குழந்தைக்கு நாக்கு வறண்டு அழுகைச் சத்தம் நின்றுபோயிருந்தது. அவள் சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு முதலாளியின் முன்னால் வந்து நின்றாள்.

“அக்கா, மேல கெடக்கது தண்ணிதான?”

ஆவுடைத்தாய் சுல்தானையும் சின்னக்கருப்பனையும் மாடிக்கு வரச் சொன்னாள். கீறித் திறக்கலாம், ஆனால் ஈரத்தில் தன் சரக்கு இனி ஒட்டாது என்றார் சுல்தான். திறந்ததை மூடாவிட்டால் அடுத்த மழைக்கு ஆபீஸ் மிஞ்சாது. சின்னக்கருப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “கொதிக்குத தார்தான் அத மூடும். நெருப்பு வேணும்மா.”

 அவள் குச்சி, மெழுகு, மருந்து, பேப்பர் எல்லாவற்றையும் சாலைக்கு அந்தப் பக்கம் பருத்திக் காட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். பெண்களும் வெளியே போனார்கள். “அடுப்ப மூட்டுங்க, நான் பக்கத்துல நிக்கேன்” என்றாள். தார் கொதிக்கும்வரை அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

சுல்தான் கத்தியால் கீறியபோது மழை கீழே ஒழுகவில்லை. ஓர் ஆள் உயரம் மேலே எழும்பி, வளைந்து, ஆபீஸ் முற்றத்தில் மட்டும் பெய்தது. குடங்கள் நிறைந்தன, பசைச் சட்டிகள் நிறைந்தன. பாண்டியம்மாள் குழந்தையின் வாயை உள்ளங்கைத் தண்ணீரால் நனைத்தாள். அது உதட்டைச் சப்பி, பிறகு ஊர் கேட்க அழுதது. அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்தது. அது மழைக்குள் போய் அவியும்வரை ஆவுடைத்தாய் கண்ணெடுக்கவில்லை. சாயங்காலம் மழை தணிந்ததும் சின்னக்கருப்பன் தாரை ஊற்றித் தாளை விரித்தார். ஈரம் படாத ஓரங்களுக்குச் சுல்தான் பச்சைத் தார் பூசினார். மழை முழுவதும் வெளியேறியிருக்கவில்லை. உள்ளே இன்னும் இடித்துக்கொண்டிருந்தது.

வானம் பொய்த்த வருஷங்களில் அந்த இருவரும் ஏறித் திறந்து, திரும்ப மூடினார்கள். அந்நாட்களில் ஆபீஸ் சாமான்கள் பருத்திக் காட்டில் இருந்தன. சில வருஷம் கழித்து நகராட்சித் தண்ணீர் லாரி ஆபீஸ் இருந்த தெருவுக்குள் திரும்புவதை நிறுத்தியது. யாரும் மனுக் கொடுக்கவில்லை. டிரைவர் சாமித்துரையிடம் கேட்டதற்கு, “அங்கன மழை இருக்குல்லா” என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்கு வண்டியை விட்டார்.